கணக்குச் சொற்களை எதில் தொடங்குவது? வீட்டுத் தமிழ், பாடநூல் தமிழ், ஆங்கிலம்: ஓர் ஒப்பீடு

பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த ஓரிரு மாதங்களில் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "பள்ளிக்கூடத்தில் பிளஸ், மைனஸ் என்கிறார்கள். பாட்டி கூட்டு, கழி என்று சொல்லிக்கொடுக்கிறார். நானோ கடைக்குப் போகும்போது போக மீதி எவ்வளவு என்று கேட்கிறேன். பிள்ளை குழம்பிவிடாதா? எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?" தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளிலிருந்தும் இதே கவலை வேறு வடிவில் வருகிறது. ‘வகுபடும் எண்’, ‘இனமாற்றம்’ என்றெல்லாம் பாடநூலில் இருப்பது பெரியவர்களுக்கே புரியவில்லையே, அதை எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது என்கிறார்கள். பல ஆண்டுகளாகத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவரும் நான் இம்மூன்று வகைச் சொற்களையும் வகுப்பறையில் பயன்படுத்தியிருக்கிறேன். மூன்றிலும் நன்மை உண்டு. மூன்றிலும் வெளியே தெரியாத செலவும் உண்டு.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

ஒப்பிடத் தொடங்கும் முன் நான்கு அளவுகோல்களை வைத்துக்கொள்வோம். சொல்லைக் கேட்டவுடன் செய்யவேண்டிய செயல் பிள்ளையின் கண்முன் தோன்றுகிறதா என்பது முதலாவது. ஒரு சொல் ஒரே பொருளில் நிலையாக நிற்கிறதா, இடத்துக்கு இடம் மாறுகிறதா என்பது இரண்டாவது. வீட்டில் இருப்பவர்கள் அந்தச் சொல்லைக்கொண்டு பிள்ளையோடு இயல்பாகப் பேச முடியுமா என்பது மூன்றாவது. தேர்விலும் மேல்வகுப்பிலும் அந்தச் சொல் கூடவே வருமா என்பது நான்காவது.

பெற்றோரில் பலர் நான்காவதிலிருந்து தொடங்குகிறார்கள். அது இயல்பான கவலைதான். ஆனால் மூன்றாம் வகுப்பு முடியும்வரை முதல் அளவுகோலுக்கே நான் கூடுதல் எடை கொடுப்பேன். செயல் புரிந்த பிள்ளைக்குப் புதுப் பெயரைப் பழக்கச் சில நாள் போதும். பெயர் மட்டும் தெரிந்த பிள்ளைக்குச் செயலைப் புரியவைக்கப் பல மாதங்கள் ஆகின்றன.

| கணக்கு | வீட்டில் சொல்வது | பாடநூல் தமிழ் | ஆங்கில வழி வகுப்பில் |
|---|---|---|---|
| + | சேர்த்தால், மொத்தம் | கூட்டல், கூடுதல் | பிளஸ், அடிஷன், சம் |
| − | எடுத்தால், போக மீதி | கழித்தல், வித்தியாசம் | மைனஸ், சப்ட்ராக்‌ஷன், டிஃபரன்ஸ் |
| × | தடவை, மடங்கு, வீதம் | பெருக்கல், பெருக்கற்பலன் | இன்டு, டைம்ஸ், ப்ராடக்ட் |
| ÷ | பங்கு வைத்தல், ஆளுக்கு | வகுத்தல், ஈவு, மீதி | டிவைடட் பை, கோஷன்ட், ரிமைன்டர் |
| பத்தை உடைத்தல் | கடன் வாங்குதல் | இனமாற்றம் | பாரோ, ரீகுரூப்பிங் |
| ¼, ½, ¾ | கால், அரை, முக்கால் | பின்னம், தொகுதி, பகுதி | ஃபிராக்‌ஷன், நியூமரேட்டர், டினாமினேட்டர் |
| 2, 4, 6 | ரெட்டை | இரட்டை எண் | ஈவன் நம்பர் |

## வீட்டுத் தமிழ்

முதல் அளவுகோலிலும் மூன்றாவதிலும் இதற்கு இணையில்லை. ஓர் இட்லிக் கொப்பரையில் நான்கு தட்டு, தட்டுக்கு நாலு குழி. ஓர் ஈட்டுக்குப் பதினாறு இட்லி. ‘மூன்று ஈடு ஊற்றினால் எத்தனை?’ என்று அம்மா கேட்கும்போது, பெருக்கல் என்ற சொல்லையே அறியாத பிள்ளை நாலு நாலாகவும் பதினாறு பதினாறாகவும் எண்ணத் தொடங்கிவிடுகிறது. ‘தட்டுக்கு நாலு’, ‘ஆளுக்கு மூணு’, ‘கிலோவுக்கு அறுபது ரூபாய்’ என்பவற்றில் வரும் ‘க்கு’ என்ற சிறு உருபே ஒன்றுக்கு இவ்வளவு என்ற கருத்தைச் சுமக்கிறது. பின்னால் மேல்வகுப்பில் வரும் விகிதக் கணக்குக்கு விதை இதுதான்.

பின்னங்களில் வீட்டுத் தமிழின் வளம் இன்னும் பெரிது. 1957இல் ரூபாய் நூறு காசுகளாக மாற்றப்படும்வரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதால் கால், அரை, முக்கால் என்று பிரித்துப் பேசுவது அன்றாடத் தேவையாக இருந்தது. அணா போய்விட்டது, சொற்கள் போகவில்லை. கால் கிலோ கத்தரிக்காய், ஒன்றரை முழம் பூ, மணி ஐந்தே முக்கால் என்று இன்றும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறார்கள். ‘ஒன்றேகால்’ என்று சொல்லும் பிள்ளை கலப்பு பின்னத்தைச் சொல்லிவிட்டது. பழைய சொல்லான ‘அரைக்கால்’ எட்டில் ஒரு பங்கைக் குறிக்கும். காலில் அரை என்று சொல்லுக்குள்ளேயே ஒரு பின்னப் பெருக்கல் நடந்து முடிந்திருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு இரண்டாவது அளவுகோலில் தெரியும். வீட்டில் ‘கூட்டு’ என்றாலும் ‘பெருக்கு’ என்றாலும் துடைப்பத்தை எடுக்க வேண்டும். கணக்கில் அவ்விரண்டும் வெவ்வேறு செயல்கள். ‘பிரித்துக் கொடு’ என்றால் சமமாகவா, தம்பிக்குக் கொஞ்சம் கூடுதலாகவா என்பது வீட்டில் சொல்லப்படுவதில்லை. வகுத்தலிலோ சமம் என்பதே உயிர். ‘மொத்தம்’ என்ற சொல் வந்தால் கூட்டு, ‘மீதி’ வந்தால் கழி என்று குறுக்குவழி சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ‘கூடையில் மொத்தம் 12 பழங்கள், அவற்றில் 5 மாம்பழம், மற்றவை கொய்யா. கொய்யா எத்தனை?’ என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் குறுக்குவழியில் பழகிய பிள்ளை 17 என்று எழுதும்.

‘கடன் வாங்குதல்’ என்ற சொல்லைத் தனியாகப் பார்க்க வேண்டும். 52இலிருந்து 27ஐக் கழிக்கும்போது, ‘இரண்டில் ஏழு போகாது, பக்கத்து வீட்டு ஐந்திடம் கடன் வாங்கு’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். ஒரு முறை மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஐந்தை அடித்து நாலு என்று எழுதினாள். வாங்கிய ஒன்றை இரண்டோடு சேர்த்து மூன்று என்றாள். மூன்றிலும் ஏழு போகாததால் மறுபடி கடன் வாங்கினாள். நாலு மூன்றானது, மூன்று நாலானது. அப்படியே வாங்கிக்கொண்டே போனாள். அவள் கேட்ட சொல்லுக்கு அவள் செய்தது சரிதான். கடன் வாங்கியது ஒன்று என்று சொன்னோமே தவிர, அது ஒரு பத்து என்பதை அந்தச் சொல் எங்கேயும் சொல்லவில்லை.

ஆகவே இரண்டாம் வகுப்பு முடியும்வரையும், கணக்கைக் கண்டு அஞ்சும் பிள்ளைக்கு எந்த வகுப்பிலும், வீட்டுச் சொற்களே சிறந்த தொடக்கம். பின்னத்துக்கும் வாழ்க்கைக் கணக்குகளுக்கும் அவற்றை ஐந்தாம் வகுப்பிலும் கைவிட வேண்டாம்.

## பாடநூல் தமிழ்

இச்சொற்களைக் கடினம் என்று ஒதுக்குபவர்கள் அவற்றின் உறவினர்களைப் பிள்ளைக்கு அறிமுகப்படுத்துவதில்லை என்பது என் கருத்து. ‘வகுத்தல்’ தனியாக நின்றால் கடினம். பள்ளியைப் பிரித்து வைத்திருப்பதால் ‘வகுப்பு’, தலைமுடியைப் பிரிப்பதால் ‘வகிடு’ என்று அதன் குடும்பத்தைக் காட்டினால் ‘வகு’ என்பதன் பொருள் கையில் வந்துவிடுகிறது. ‘ஈவு’ என்பது ஈதல், கொடுத்தல் என்பதிலிருந்து வந்தது. ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்டது எவ்வளவோ அதுவே ஈவு. ‘ஈவிரக்கம்’ என்ற சொல்லைக் கேட்டிருக்கும் பிள்ளைக்கு இது அந்நியமன்று. ‘மீதி’ என்பது கடைக்காரரிடம் வாங்கிவரும் மீதிச் சில்லறையேதான். ‘பெருக்கல்’ என்ற சொல்லில் துடைப்பம் தெரிகிறதென்றால் ஆடிப்பெருக்கை நினைவூட்டுங்கள். ஆற்றில் நீர் பெருகுவதுபோல் எண் பெருகுகிறது.

சற்று மேலே போனால் இவற்றின் அருமை இன்னும் துலங்கும். பகுக்க முடியாதது ‘பகா எண்’. பகுக்கக்கூடியது ‘பகு எண்’. பெயரே வரையறையாக நிற்கிறது. ‘இரட்டை எண்’ என்றால் இரண்டிரண்டாகச் சேர்க்க முடிந்தது. ‘ஒற்றை எண்’ என்றால் ஒன்று துணையில்லாமல் நிற்பது. புளியங்கொட்டையைக் கைக்குள் மூடி ‘ஒத்தையா, ரெட்டையா?’ என்று விளையாடிய பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். கையைத் திறந்து இரண்டிரண்டாக அடுக்கிப் பார்ப்பதே பாடம்.

தமிழ்த் தொடரின் அமைப்பும் உதவுகிறது. ‘12இலிருந்து 7ஐக் கழி’ என்று சொல்லும்போது 12 முதலில், 7 பிறகு. எழுதுவதும் 12 − 7 என்ற அதே வரிசையில்தான். ‘12ஐ 3ஆல் வகு’ என்பதும் அப்படியே. ஐ, ஆல், இலிருந்து என்ற உருபுகள் எந்த எண்ணுக்கு என்ன வேலை என்று ஒட்டிக்காட்டுவதால், வரிசை மாறி ‘7ஐ 12இலிருந்து கழி’ என்று வந்தாலும் கவனித்துக் கேட்கும் பிள்ளை தவறுவதில்லை. எண்ணுப்பெயர்களும் திறந்த புத்தகம்தான்: பதினொன்று என்பது பத்தும் ஒன்றும், முப்பது என்பது மூன்று பத்து, அறுநூறு என்பது ஆறு நூறு. வாய்ப்பாட்டில் ‘மூவிரண்டு ஆறு’ என்று பாடும்போது மூன்று இரண்டுகள் என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் செலவுகள் சிறியவையல்ல. முதலில் ஒன்பதின் குடும்பம். எண்பதுக்குப் பிறகு தொண்ணூறு. எண்ணூறுக்குப் பிறகு தொள்ளாயிரம். பழந்தமிழில் ஒன்பதுக்குத் ‘தொண்டு’ என்ற பெயர் உண்டு, அதன் சாயல் இச்சொற்களில் தெரிகிறது. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் காதில் விழுவது ‘நூறு’, ‘ஆயிரம்’ என்ற ஒலிகளே. சொல்வதெழுதலில் தொள்ளாயிரத்து ஐந்தை நான்கு இலக்கமாக எழுதும் பிள்ளையைத் திட்டாதீர்கள். அந்தப் பிள்ளை காதால் கேட்டதை எழுதியிருக்கிறது. இவ்விரு சொற்களை மட்டும் விதிவிலக்கு என்று சொல்லித் தனியே பழக்க வேண்டும்.

அடுத்தது ஒலியொற்றுமை. ‘வகுஎண்’, ‘வகுபடும் எண்’ இரண்டில் வகுப்பது எது, வகுக்கப்படுவது எது என்று பிரித்தறிய வினைத்தொகையும் செயப்பாட்டு வினையும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் அது நடவாது. ‘எதைப் பங்கு வைக்கிறோம்? எத்தனை பேருக்கு?’ என்ற இரு கேள்விகளை வைத்தே கணக்கை நடத்திவிட்டு, பெயர்களைப் பிறகு சேர்க்கலாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் பின்னத்தின் ‘தொகுதி’, ‘பகுதி’ என்பவை. மேலே இருக்கும் எண் தொகுதி, கீழே இருக்கும் எண் பகுதி. ஆனால் அன்றாடப் பேச்சில் பகுதி என்றால் முழுமையில் ஒரு துண்டு. ¾ பங்கு மாம்பழத்தில் அந்தத் துண்டுகளின் எண்ணிக்கையைச் சொல்வது மேலே உள்ள 3. மொத்தம் எத்தனையாகப் பகுத்தோம் என்று சொல்வது கீழே உள்ள 4. வழக்குச் சொல்லின் பொருள் பிள்ளையை நேர் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. ‘பகுத்தது கீழே, தொகுத்து எடுத்தது மேலே’ என்று வினைகளோடு இணைத்துச் சொன்னால் இந்தச் சிக்கல் குறைகிறது. பெயரை மட்டும் மனப்பாடம் செய்தால் ஐந்தாம் வகுப்பிலும் தீர்வதில்லை. படிக்கும் முறையிலும் ஓர் இடர் உண்டு: தமிழில் ‘நான்கில் மூன்று பங்கு’ என்று கீழெண்ணை முதலில் சொல்கிறோம், கையோ மேலெண்ணை முதலில் எழுதப் பழகியிருக்கிறது. நான் என் வகுப்பில் கோட்டைப் போட்டுக் கீழே 4ஐ எழுதிவிட்டு மேலே 3ஐ எழுதச் சொல்கிறேன். வாயும் கையும் ஒரே வரிசையில் போகின்றன, தவறு குறைகிறது.

‘இனமாற்றம்’ கேட்பதற்குக் கடுமையான சொல், ஆயினும் கடன் வாங்குதலைவிட உண்மையான சொல். ஒரு பத்து என்ற இனம் பத்து ஒன்றுகள் என்ற இனமாக மாறுகிறது. பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்துப் பத்து ஒரு ரூபாய் நாணயங்களாக மாற்றிக் காட்டுங்கள். மேலே சொன்ன சிறுமிக்கு அப்படித்தான் தெளிந்தது. நாணயங்களை எண்ணிப் பார்த்தவள், கையிலிருந்த இரண்டோடு சேர்த்துப் பன்னிரண்டு என்று தானே சொன்னாள்.

ஒரே பொருளுக்குப் பல பெயர் இருப்பதும் ஒரு செலவு. கூடுதல், கூட்டுத்தொகை; பெருக்கற்பலன், பெருக்குத்தொகை; பூஜ்ஜியம், சுழியம் என்று நூலுக்கு நூல் மாறுகிறது. தமிழ்நாட்டில் ‘மீப்பெரு பொதுக் காரணி’ என்பதை இலங்கைப் பாடநூல்கள் ‘பொதுக் காரணிகளுட் பெரியது’ என்கின்றன. பின்னதில் விளக்கம் பெயரிலேயே இருக்கிறது. அதைச் சொல்லி விளக்கிவிட்டு, தேர்வுக்கு முன்னதை எழுதச் சொல்வது என் வழக்கம். பிள்ளையின் கையில் இருக்கும் நூலில் எந்தப் பெயர் உண்டோ அதையே வீட்டிலும் சொல்லுங்கள். பெரியவர்கள் படித்த காலத்துப் பெயரைத் திணிக்க வேண்டாம்.

தமிழ் வழிப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பிலிருந்து இதுவே முதன்மை. ஆங்கில வழிப் பிள்ளைக்கும் ஈவு, மீதி, இரட்டை, பகா எண் போன்ற பொருள் காட்டும் சொற்களை மட்டுமாவது சொல்லிவைப்பது பயன் தரும்.

## ஆங்கிலச் சொற்கள்

நான்காவது அளவுகோலில் இவை முந்துகின்றன. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை தேர்வில் இவற்றைத்தான் வாசித்தாக வேண்டும். அந்த வழியிலேயே தொடர்ந்தால் கல்லூரி வரை இவையே வரும். பிளஸ், மைனஸ் என்பவை குறியீட்டின் பெயராகத் தமிழ்ப் பேச்சிலும் கலந்துவிட்டன. அவற்றை விரட்ட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

செலவுகள் வேறிடத்தில் இருக்கின்றன. நம் ஊரில் ‘டூ இன்டு த்ரீ’ என்றால் பெருக்கல். ஆங்கிலேயரின் வழக்கில் ‘த்ரீ இன்டு டுவெல்வ்’ என்பது பன்னிரண்டில் மூன்று எத்தனை முறை போகும் என்ற வகுத்தலைக் குறிக்கும். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துக் கற்கும் பிள்ளைக்கு இது தடுமாற்றம். ‘டைம்ஸ்’ என்று பழக்கிவிட்டால் பிற்காலத் தொல்லை இல்லை. ‘சப்ட்ராக்ட் செவன் ஃப்ரம் டுவெல்வ்’ என்ற தொடரில் ஏழு முன்னால் வருகிறது. தமிழ்த் தொடருக்குப் பழகிய பிள்ளை கேட்ட வரிசையிலேயே 7 − 12 என்று எழுதுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ‘ஃப்ரம்’ என்ற சொல்லைக் கண்டால் அதற்குப் பின்னால் வரும் எண்ணை முதலில் எழுது என்று தனியாகவே சொல்லித்தர வேண்டியிருக்கிறது. ‘லெவன்’, ‘டுவெல்வ்’ என்ற பெயர்களில் பத்தும் தெரிவதில்லை, ஒன்றும் இரண்டும் தெரிவதில்லை. ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ இரண்டும் ஒலியில் நெருங்கி நிற்பதால் சொல்வதெழுதலில் 13க்கு 30 வருகிறது. ஈவன், ஆட், ப்ராடக்ட் என்பவை நம் பிள்ளைகளுக்கு வெறும் ஒலிகள். இரட்டை, ஒற்றை, பெருக்கம் அப்படியல்ல.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு மூன்றாவது அளவுகோலில் இருக்கிறது. காய்கறி வாங்கிக்கொண்டே கால் கிலோ, அரைக் கிலோ விலைகளை மனத்திலேயே கூட்டி, தாளும் பேனாவும் இல்லாமல் மீதியைக் கேட்டு வாங்கும் பாட்டிமார்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஆங்கிலச் சொல் மட்டுமே கணக்கு என்றாகிவிட்ட வீட்டில் அவர்கள் பேத்தியின் புத்தகத்தைத் தொடுவதற்கே தயங்குகிறார்கள். ‘எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா’ என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். பிள்ளை இழப்பது வீட்டிலேயே இருந்த ஒரு நல்ல கணக்கு ஆசிரியரை.

வீட்டில் ஆங்கிலமே பேசப்படும் குடும்பங்களுக்கும், மொழி மாறி வேறு மாநிலத்துக்கோ நாட்டுக்கோ சென்று ஆங்கில வழியில் சேர்ந்த பிள்ளைகளுக்கும் ஆங்கிலச் சொற்களை முதலிலிருந்தே கொடுப்பது சரி. மற்றவர்களுக்கு அவை இரண்டாவதாக வருவதே நல்லது.

## கலந்து பேசினால்?

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான், இதில் தவறும் இல்லை. ஆனால் ஒரே வாக்கியத்துக்குள் ‘டுவென்டி ஃபோரை நாலால டிவைட் பண்ணி ஈவை எய்ட்டோட கூட்டு’ என்று சொல்லும்போது, கணக்கோடு மொழிபெயர்ப்பையும் பிள்ளை தலையில் ஏற்றிக்கொள்கிறது. ஒரு கணக்கை ஒரு மொழியிலேயே தொடங்கி முடியுங்கள். முடிந்த பிறகு, ‘இதைத்தான் உன் புத்தகத்தில் டிவிஷன் என்று போட்டிருக்கிறார்கள்; நாம் ஈவு என்று சொன்னது அங்கே கோஷன்ட்’ என்று பெயரை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள். செயல் ஒன்று, பெயர் இரண்டு என்பதைப் பிள்ளைகள் எளிதில் ஏற்கிறார்கள். ஒரே ஆளைத் தாத்தா என்றும் அப்பா என்றும் வீட்டில் இருவர் அழைப்பதை அவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள்.

ஆறாம் வகுப்பில் தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாற இருக்கும் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பின் கடைசிப் பருவத்தில் இந்தப் பெயர் மாற்றத்தைத் தொடங்குவது போதும். மேலேயுள்ள அட்டவணையைப் போல் பிள்ளையே தன் கையெழுத்தில் ஒன்று எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் தன் கணக்கு ஒன்றை எடுத்துக்காட்டாகச் சேர்த்துக்கொள்ளட்டும். எதிர்த்திசையில் மாறும் பிள்ளைகள் குறைவு. அவர்களுக்கு உருபுகளில் பயிற்சி தேவைப்படும். ‘ஐ’, ‘ஆல்’ என்பவற்றின் கீழ்க் கோடிடச் சொல்லி வாசிக்கவைத்தால் பிடிபட்டுவிடும்.

வாய்ப்பாட்டை மட்டும் இந்தக் கலப்பிலிருந்து விலக்கி வையுங்கள். அது ஒலியாகவே மனத்தில் பதிவது. ‘ஏழெட்டு ஐம்பத்தாறு’ என்று பதிந்ததை ‘செவன் எய்ட்ஸா’ என்று மாற்றிக் கேட்டால் பிள்ளை மறுபடி முதலிலிருந்து தேடுகிறது. எந்த மொழியில் பிள்ளை விரலை மடக்கித் தானாக எண்ணுகிறதோ, யாரும் கேட்காதபோது எந்த மொழியில் படிக்கட்டுகளை எண்ணிக்கொண்டு ஏறுகிறதோ, அந்த மொழியிலேயே பதினாறாம் வாய்ப்பாடு வரை கொண்டுபோங்கள். பள்ளி வேறு மொழியில் ஒப்புவிக்கச் சொன்னால், தேர்வுக்கு மட்டும் அதைத் தனியே பயிற்றுங்கள். இரண்டாம் வகுப்பில் ஒருநாள் மாடிப்படி ஏறும் பிள்ளைக்குப் பின்னால் நின்று காதுகொடுத்துக் கேட்டால், எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரிந்துவிடும்.